நமக்குச் சுத்தம், மீனுக்கு?

புதிதாகச் சின்ன மீன் தொட்டி வைக்கும் மாணவர்கள் அறிவியல் வகுப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சமையலறையில் இருக்கும் வடிகட்டி ஜக்கில் வடித்த தண்ணீரை மீன் தொட்டியில் ஊற்றலாமா? குழாய்த் தண்ணீரைவிட அது சுத்தம்தானே?”

கேள்வி நியாயமானது. மேலே ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும் அந்த ஜக், தண்ணீரின் வாடையைப் போக்குகிறது, சுவையைக் கூட்டுகிறது. நமக்கு நல்லதாக இருப்பது நம் சண்டை மீனுக்கும் கப்பி மீனுக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?

இதற்குப் பதில் சொல்ல மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: குழாயில் என்ன வருகிறது, ஜக் எதை எடுக்கிறது, மீனுக்கு எது ஆகாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தெளிந்த தண்ணீரிலும் மீன் ஏன் செத்துப்போகிறது என்பது விளங்கும்.

குழாயில் வருவது என்ன?

சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகு, அதில் சிறிதளவு குளோரமின் சேர்த்து அனுப்புகிறது. குளோரினும் அம்மோனியாவும் இணைந்து உருவாகும் பொருள் இது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து உங்கள் வீவக வீட்டுச் சமையலறை வரை நீளமான குழாய்கள், மேல்மாடித் தொட்டிகள் என்று தண்ணீர் நெடுந்தூரம் வருகிறது. வழியில் கிருமிகள் வளராமல் காவல் காப்பது குளோரமின்தான். தனிக் குளோரின் விரைவில் குறைந்துவிடும். குளோரமின் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

மனிதருக்கு அந்த அளவு பாதுகாப்பானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, குடிநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை குளோரமின் இருக்கலாம் என்கிறது. ஆனால் நன்னீரில் வாழும் உயிரினங்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வகுத்த நீண்டகால வரம்பைப் பாருங்கள். குளோரினும் குளோரமினும் சேர்ந்த மொத்த அளவு லிட்டருக்கு 0.011 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையே 250 மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. அங்கே குளோரமின் ரத்தத்தை எட்டுவதற்கு முன்பே சிதைந்துவிடும். மீனின் கதை வேறு. அது தண்ணீரைச் செவுள் வழியாக இடைவிடாமல் செலுத்தி மூச்சு விடுகிறது. செவுளின் மெல்லிய தோலுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ரத்தம். குளோரமின் அந்தத் தோலைக் கடந்து ரத்தத்தில் நுழைந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மாற்றிவிடுகிறது. மாறிய ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. சுற்றிலும் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் மீன் மூச்சுத் திணறுகிறது.

இதே ஆபத்து மனிதருக்கும் ஓரிடத்தில் வருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சையில், ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தமும் மறுபக்கம் தண்ணீரும் ஓடுகின்றன. செவுளின் அமைப்பும் இதுதான். ஆகவே டயாலிசிஸ் நிலையங்களில் குளோரமினை முழுவதுமாக நீக்கிய பிறகே தண்ணீரைப் பயன்படுத்துவார்கள். அதை எப்படி நீக்குகிறார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம். நம் ஜக்குக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

ஜக்குக்குள் இருக்கும் இரண்டு வேலைக்காரர்கள்

வடிகட்டி ஜக்கின் கார்ட்ரிட்ஜைக் குலுக்கினால் மணல்போலச் சலசலக்கும். உள்ளே பொதுவாக இரண்டு பொருள்கள் கலந்திருக்கும்.

முதலாவது, கிளர்வூட்டப்பட்ட கரி. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, பிறகு கடும் சூட்டில் நீராவி செலுத்தித் தயாரிக்கிறார்கள். அப்போது கரியினுள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. அந்தத் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரே ஒரு கிராம் கரியின் பரப்பளவு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். இரட்டையர் ஆடும் பூப்பந்து மைதானங்கள் பன்னிரண்டை அடுக்கி வைத்த அளவு! வாடை தரும் பொருள்கள் இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரினோ கரியோடு வேதிவினை புரிந்து, தீங்கற்ற குளோரைடாக மாறிவிடுகிறது.

இரண்டாவது, அயனிப் பரிமாற்றப் பிசின். சிறுசிறு மணிகளாக இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம், செம்பு, ஈயம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது. இதனால் தண்ணீர் மென்மையாகிறது. அதன் காரத்தன்மையும் பிஎச் அளவும் இறங்குகின்றன.

இந்தப் பிசின் ஏன் சேர்ந்தது என்பதற்கு ஊர்க் காரணம் உண்டு. உலகம் அறிந்த வடிகட்டி ஜக் நிறுவனமான பிரிட்டாவை 1966இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் ஹங்கமர் என்பவர் தொடங்கினார். ஜெர்மனியின் பல ஊர்களில் தண்ணீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர். கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். தேநீரின் மேல் ஏடு மிதக்கும். அந்தத் தொல்லைக்கு ஏற்ற தீர்வு இந்தப் பிசின். அத்தகைய ஊர்களோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர்த் தண்ணீர் ஏற்கெனவே மென்மையானது. இதை நினைவில் வையுங்கள்.

36 விநாடி போதுமா?

கரிக்குக் குளோரின் எளிய வேலை. தொட்டவுடன் வினை நடந்துவிடும். குளோரமினோடு வினை புரிய அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். தண்ணீர் கரியோடு எவ்வளவு நேரம் உறவாடுகிறது என்பதே இங்கே கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்ட்ரிட்ஜில் கரியும் பிசினுமாக 120 மில்லிலிட்டர் இருப்பதாகவும், 1 லிட்டர் தண்ணீர் இறங்க 5 நிமிடம் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் இறங்குகிறது. 120ஐ 200ஆல் வகுத்தால் 0.6 நிமிடம், அதாவது 36 விநாடி. இந்தக் கணக்குமுறையில் டயாலிசிஸ் நிலையங்களுக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? இரண்டு பெரிய கரித் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, மொத்தம் 10 நிமிடமாவது தண்ணீர் கரியோடு இருக்கும்படி அமைக்கிறார்கள். அதோடு, தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகே நோயாளிக்குத் தருகிறார்கள்.

ஆகவே புதிய கார்ட்ரிட்ஜ் குளோரமினில் ஒரு பகுதியைக் குறைக்கும். நாளாக ஆக அதன் திறன் மங்கும். மிக நன்றாக வேலை செய்து 90 விழுக்காட்டை நீக்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால், வடித்த பின் 0.2 மில்லிகிராம் மிஞ்சும். தேநீருக்கு அருமை! புதுத் தொட்டியை இந்தத் தண்ணீரால் நிரப்பினாலோ, மீனுக்கான 0.011 மில்லிகிராம் வரம்பைப்போல் அது 18 மடங்கு. தொட்டியின் கால் பங்கை மட்டும் மாற்றினாலும், கலந்த பிறகு 0.05 மில்லிகிராம், வரம்பைவிட நான்கு மடங்குக்கும் மேல். பரீட்சையில் 90 மதிப்பெண் பெருமைதான். இங்கே மீதிப் பத்துதான் மீனின் உயிர்.

“ஒரு இரவு வாளியில் பிடித்து வைத்தால் போதும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குளோரின் மட்டும் சேர்க்கும் ஊர்களில் அது சரியான அறிவுரை. குளோரின் காற்றில் கலந்து போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. நாள்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும்.

உடைந்தால் மிஞ்சுவது

குளோரமினைக் கரி உடைத்தாலும் ஆன்டி குளோரின் மருந்து உடைத்தாலும் அதிலிருந்த அம்மோனியா வெளிப்படும். எவ்வளவு வரும்? மூலக்கூற்று நிறையைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். குளோரமினில் ஒரு நைட்ரஜன் 14, இரண்டு ஹைட்ரஜன் 2, ஒரு குளோரின் 35.5, கூட்டினால் 51.5. அம்மோனியா 17. ஏறக்குறைய மூன்று பங்கு குளோரமினுக்கு ஒரு பங்கு அம்மோனியா. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரமின் முழுவதும் உடைந்தால் சுமார் 0.66 மில்லிகிராம் அம்மோனியா வரும். தொட்டியில் கால் பங்கு மாற்றினால் அது 0.16 மில்லிகிராமாகக் கரையும்.

நல்ல நிலையில் உள்ள தொட்டிக்கு இது பெரிய சுமை ஆகாது. அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கும். தொட்டி வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கும் அவை, அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. வாராவாரம் தண்ணீரை மாற்றினால் அதுவும் குறையும். நேற்று வாங்கி இன்று நிரப்பிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு இருப்பதில்லை. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்க, மீன்கள் ஒவ்வொன்றாக மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அழுக்கான தொட்டி நீரை எடுத்து ஜக்கில் வடித்து மறுபடி ஊற்றினால் என்ன? பயன் குறைவு. கரியில் அம்மோனியா ஒட்டாது. பிசின் பிடிப்பது நேர்மின் அயனிகளை. நைட்ரைட்டும் நைட்ரேட்டும் எதிர்மின் அயனிகள் என்பதால் பிசினுக்கு அகப்படாமல் கடந்துபோகும். தொட்டி நீரில் உள்ள கிருமிகள் ஜக்கில் தங்குவதுதான் மிச்சம். வீட்டார் குடிக்கும் ஜக்கில் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள்.

மென்மையாக்கினால் வரும் சிக்கல்

இப்போது பிசினுக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், பிஎச் அளவு சட்டென ஏறி இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் மெத்தைபோல. மேலே சொன்ன நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகிறது. அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனை மாற்றும்போதும், 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை செலவாகிறது. ஜக் அந்த மெத்தையை முன்கூட்டியே மெலிதாக்கி அனுப்புகிறது. நம் தண்ணீரோ ஏற்கெனவே மென்மையானது. மெத்தை தீர்ந்தால் பிஎச் சரசரவென்று விழும். பிஎச் 6க்கும் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும்; அம்மோனியா சேரத் தொடங்கும்.

இங்கே ஒரு வேடிக்கையும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அமிலத் தண்ணீரில் அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனிய அயனியாக இருக்கும். நம் அறை வெப்பத்தில், அதாவது 28 டிகிரி செல்சியசில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.7 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் 6.5 விழுக்காடு, ஒன்பது மடங்கு. அமிலமாகிவிட்ட தொட்டியில் மீன் ஒருவாறு சமாளித்துக்கொண்டிருக்கும். தொட்டி மோசமாகிவிட்டதே என்று பதறி, காரத்தன்மை கொண்ட குழாய்த் தண்ணீரால் பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றினால், சேர்ந்திருந்த அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். நல்லது செய்யப்போய் மீனைக் கொன்றுவிடுவோம். சிறிய தொட்டியில் சிறிய மாற்றமும் பெரிய அதிர்ச்சி என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. சில கார்ட்ரிட்ஜ்களில் கிருமி வளராமல் இருக்கக் கரியோடு வெள்ளி சேர்ப்பார்கள். அதில் மிகச் சிறிதளவு தண்ணீரில் இறங்கக்கூடும். நமக்குப் பாதகமில்லை. ஆனால் நன்னீர் இறால்கள் வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களைத் தாங்கமாட்டா. அடுத்து, ஜக்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் வீடுகள் பல. 28 டிகிரியில் நீந்தும் மீனின் மேல் அந்தச் சில்லென்ற தண்ணீரைக் கொட்டினால், வேதியியல் எல்லாம் சரியாக இருந்தாலும் மீன் துவண்டுவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் மருந்து போதும். அதில் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும். சில நிமிடங்களில் குளோரினையும் குளோரமினையும் செயலிழக்கச் செய்துவிடும். வெளிப்படும் அம்மோனியாவையும் கட்டிப்போடும் வகை மருந்துகளும் உண்டு. புதுத் தொட்டிக்கு அவை ஏற்றவை. புட்டியில் குளோரமினுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

20 லிட்டர் தொட்டிக்கு வாரம் ஒருமுறை இப்படிச் செய்யலாம்:

1. சோப்பு படாத, மீனுக்கென்றே ஒதுக்கிய வாளியில் 5 லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள்.

2. புட்டியில் சொன்ன அளவு மருந்தைக் கலந்து, சில நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் அறை வெப்பத்துக்கு வரட்டும்.

3. தொட்டியிலிருந்து 5 லிட்டர் பழைய தண்ணீரை வெளியே எடுங்கள். வடிகட்டிப் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் அலசினால் குளோரமின் பட்டு நல்ல நுண்ணுயிர்கள் மடியும்.

4. புதிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.

ஜக்குக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நம் மண்ணுக்கே உரிய ஹார்லெக்குவின் ரஸ்போரா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் கறுப்பு முக்கோணம் கொண்ட அந்தச் சிறு மீன், சிங்கப்பூரின் நீ சூன் சதுப்புக் காட்டில் வாழ்கிறது. இலைகள் ஊறித் தேநீர் நிறத்தில் ஓடும் அந்த நீர் மிக மென்மையானது, அமிலத்தன்மை கொண்டது. இத்தகைய மீன்களை வளர்ப்பவர்கள், குறிப்பாகக் கடின நீர் வரும் நாடுகளில் இருப்பவர்கள், வடித்த தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு அளந்து கலந்து மென்மையைச் சரிசெய்யலாம். அப்போதும் மருந்து கலப்பதை விடக்கூடாது. சற்றுக் கடினமான நீரை விரும்பும் கப்பிக்கோ இதே தண்ணீர் ஒத்துவராது. எந்த மீன் என்று தெரியாமல் எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்ய முடியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதைப் பள்ளி அறிவியல் செயல்திட்டமாகவே செய்யலாம், மீன் தேவையில்லை. நான்கு சுத்தமான பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அப்போது பிடித்த குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் ஜக்கில் வடித்தது. நான்காவதில் ஆன்டி குளோரின் கலந்தது. ஒவ்வொன்றிலும் குளோரின், அம்மோனியா, பிஎச், கார்பனேட் கடினத்தன்மை ஆகியவற்றைச் சோதனைத் தாளாலோ சொட்டு மருந்தாலோ அளந்து அட்டவணையிடுங்கள். கார்ட்ரிட்ஜ் புதிதாக இருக்கும்போது ஒருமுறை, நான்கு வாரம் கழித்து ஒருமுறை செய்தால் அதன் தேய்மானமும் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். குளோரின் சோதனைத் தாள்களில் இரண்டு வகை உண்டு. தனிக் குளோரினை மட்டும் காட்டுபவை ஒன்று. குளோரமினையும் சேர்த்து மொத்தக் குளோரினைக் காட்டுபவை மற்றொன்று. முதல் வகைத் தாளை நம் குழாய்த் தண்ணீரில் நனைத்தால், தண்ணீரில் குளோரமின் இருக்கும்போதே கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று காட்டக்கூடும். அதை நம்பி மீனை விட்டால் பலியாவது மீன். தாளை வாங்கும் முன் பெட்டியில் ‘மொத்தக் குளோரின்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.